எந்திரம் தானாக வராது

"இன்னுமா சாதி சாதின்னு பேசிக்கினு இருக்கீங்க? உலகம் எங்கியோ போயிடுச்சுங்க. நிலாவுல மிஷினை இறக்கிட்டாங்க. காசு போன்லயே போவுது, போன்லயே வருது. சயின்ஸ் வளர வளர இதெல்லாம் தானா அத்துப்போயிடும், பாருங்க."

தென்னேரி ஏரிக்கரையிலும் கேட்கலாம், வாலாஜாபாத் பேருந்திலும் கேட்கலாம், காஞ்சிபுரத்தில் தறிக்காரர்கள் கூடும் டீக்கடையிலும் கேட்கலாம். சாதி இந்துக்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பொறியியல் படித்துவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற நம் சேரிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். இடதுசாரித் தோழர்கள் சிலரும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் சிக்கல். மேடையேறி ஒருவர் சாதியை நியாயப்படுத்தினால் எழுந்து நின்று கேள்வி கேட்போம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பேச்சுக்கு யார் எழுந்து நிற்பது? பதில் சொல்லப்படாத பேச்சு மெல்ல மெல்லப் பொதுப்புத்தி ஆகிறது. பொதுப்புத்தி ஆனதைக் கல்வெட்டில் வெட்டியதுபோல எல்லோரும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அறிவியலையும் எந்திரத்தையும் பற்றி நம்மைச் சுற்றிப் போகிற போக்கில் சொல்லப்படும் மூன்று பேச்சுகளுக்கு இந்த இதழில் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் பேச்சு: "மிஷின் வந்தா சாதி போயிடும்."

இது நேற்று முளைத்த கருத்தில்லை. இந்தியாவில் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853 ஏப்ரலில். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் காரல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரயில் வரும், இரயிலைத் தொடர்ந்து நவீனத் தொழில் வரும், சாதி எந்தப் பரம்பரை வேலைப் பிரிவினையின் மேல் நிற்கிறதோ அதை அந்தத் தொழில் கரைத்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மார்க்ஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இலண்டனில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தது. 170 ஆண்டுகளுக்குப் பிறகு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு நாமும் அப்படியே நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இரயில் வந்தது. என்ன செய்தது? பெட்டிக்குள் கழிப்பறை வைத்தார்கள், அடியில் ஓட்டை விட்டார்கள். விழுந்ததெல்லாம் தண்டவாளத்தில் விழுந்தது. நிலையத்துக்கு நிலையம் அதைக் கூட்டி வழிக்க யாரைக் கொண்டுவந்தார்கள்? பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைக்க வந்ததாகச் சொல்லப்பட்ட இரயில், அந்தப் பிரிவினைக்கே சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. பெட்டிக்கு அடியில் கழிவை மக்கவைக்கும் உயிரிக் கழிப்பறையைப் பொருத்த ஆரம்பித்ததே 2011 வாக்கில்தான். அதற்கு முன்பே, 2003இல், சஃபாய் கர்மாச்சாரி ஆந்தோலன் உச்சநீதிமன்றத்துக்குப் போய் இரயில்வேயையும் கேள்வி கேட்டிருந்தது. மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? மலமும் மூத்திரமும் பட்டுத் தண்டவாளம் அரித்துப்போகிறது, அது பாதுகாப்புக்கு ஆபத்து என்பது. இரும்பு அரிக்கிறது என்பது கணக்கில் ஏறியது. அதைத் தொட்டு அள்ளிய கைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இன்னும் கிட்டத்தில் வருவோம். கோலார் தங்கவயல். வடார்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன நம் மக்கள் பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டிய இடம். 1902இல் காவிரி சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவிலேயே அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோன முதல் முயற்சிகளில் ஒன்று அது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் சில அங்கே தோண்டப்பட்டன. அன்றைய தேதிக்கு அதைவிடப் பெரிய விஞ்ஞானம் இந்த நாட்டில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். அதே தங்கவயல் குடியிருப்புகளில் உலர் கழிப்பறைகள் இருந்தன. வாளியில் மலத்தை அள்ளித் தலையில் சுமந்து கொட்டும் வேலை 1990கள் வரை நடந்தது. மின்சாரம் வந்து 90 ஆண்டு ஆகியும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடிப்போகிற கழிப்பறை வரவில்லை. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு மனிதனை இறக்கி ஏற்றும் லிஃப்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு பீங்கான் கோப்பையை வைக்கத் தெரியாமல் போயிற்று என்றால் அது அறிவியலின் போதாமையா?

அது எப்படி முடிவுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எந்திரம் வளர்ந்து வந்து அதை முடிக்கவில்லை. அந்தக் குடியிருப்பிலேயே, அந்த வேலை செய்த குடும்பத்திலேயே பிறந்த பெசவாடா வில்சன் அதைப் பார்த்தார், அழுதார், பிறகு எழுதினார். நிர்வாகத்துக்குக் கடிதம், பத்திரிகைக்குப் புகைப்படம், 1993இல் வந்த தடைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி என்று விடாமல் துரத்தினார். அப்படி ஒரு உலர் கழிப்பறையே இங்கு கிடையாது என்று சொன்னவர்களுக்கு முன்னால் படத்தைக் காட்டிய பிறகுதான் தண்ணீர்க் கழிப்பறைகள் வந்தன, தொழிலாளர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு எந்திரம் உதவியது. அது ஒரு கேமரா. யார் கையில் இருந்தது, எதைப் பார்த்துத் திருப்பப்பட்டது என்பதுதான் விஷயம்.

சரி, அது பழைய கதை என்பார்கள். இன்றைக்கு வருவோம். மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் இரண்டாவது சட்டம் 2013இல் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளில், நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்கினால் முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. அதே 2023இல்தான் ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. 1993 முதலான கழிவுநீர்ச் சாவுகள் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கில் தமிழ்நாட்டின் பெயர்தான் மேலே நின்றது, 200க்கும் மேற்பட்ட உயிர்களோடு. இது வந்த கணக்கு. "தவறி விழுந்தான்" என்று எழுதி மூடப்பட்டவை இதில் வராது.

நம் மாவட்டத்திலேயே, 2022 அக்டோபரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் நச்சுக்காற்று தாக்கி இறந்துபோனார்கள். அந்த வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். தகட்டுக்கு வெல்டிங் வைக்க ரோபோ கை நிற்கிறது. தகடு முக்கியம், அதன் அளவு ஒரு மயிரிழை மாறக்கூடாது. தொட்டிக்குள் மட்டும் மனிதன்.

எந்திரம் இல்லாமலா? உறிஞ்சும் லாரி ஊருக்கு ஊர் இருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் தானே இறங்கி அடைப்பை அள்ளும் ரோபோவைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்து 2018இல் திருவனந்தபுரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் கழிவுநீர்த் தொட்டிக்கென்று எந்திரம் செய்தார்கள். எந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. பின் ஏன் மனிதன் இறங்குகிறான்? லாரிக்கு வாடகை கேட்கிறார்கள். அடியில் தங்கிய சேற்றை லாரி இழுக்காது என்கிறார்கள். சந்து குறுகல் என்கிறார்கள். "அந்த ஆளு வந்தா ஒரு குவார்ட்டருக்கும் கொஞ்சம் காசுக்கும் முடிச்சுட்டுப் போயிடுவான்" என்கிறார்கள். கடைசிக் காரணம்தான் முதல் காரணம். மலிவான உயிர் ஒன்று கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை எந்த எந்திரமும் அந்தத் தெருவுக்குள் நுழையாது.

இப்போது வயலைப் பாருங்கள். தென்னேரி ஆயக்கட்டில் நெல் முற்றினால் அறுவடை எந்திரம் எங்கிருந்தோ ஓடி வருகிறது. சந்து குறுகல் என்று யாரும் சொல்வதில்லை. வரப்பை வெட்டி வழி விடுகிறார்கள். அறுப்புக் கூலி, தூற்றுக் கூலி, களத்தில் நம் பெண்கள் அள்ளி வந்த நெல் எல்லாம் போயிற்று. ஏரியில் மண் எடுக்க ஜே.சி.பி. வருகிறது. தறியைப் பாருங்கள். பட்டைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985இல் சட்டமே போட்டார்கள். ஆனாலும் காஞ்சிப் பட்டு என்ற பேரில் விசைத்தறிச் சேலை சந்தைக்கு வருகிறது. குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்கிறவன், கூலி நெசவாளி, முதலில் அடி வாங்குகிறான். நம் கூலியைப் பறிக்கிற இடத்துக்கு எந்திரம் ஓடி வருகிறது. நம் உயிரைக் காக்க வேண்டிய இடத்துக்கு நடந்துகூட வரவில்லை. எந்திரம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை எந்திரம் முடிவு செய்வதில்லை, தோழர்களே.

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு அறிவியல் இருக்கிறது. கழிவுத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்குக் கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இப்ப எறங்கலாம்" என்று மேலே நிற்பவர் சொல்வது இதனால்தான் கொலைவாக்கு ஆகிறது. இன்னும் கூடினால் நாலைந்து மூச்சில் ஆள் சாய்வான். சாராயம் குடித்தால் தாங்கும் என்பது பொய். சாய்ந்தவனைத் தூக்க அடுத்தவன் இறங்குகிறான், அவனும் சாய்கிறான். பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று பேராகச் சாவது இப்படித்தான். யார் விழுந்திருந்தாலும், தம்பியே விழுந்திருந்தாலும், காற்றுக் கருவி இல்லாமல் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். இதை ஒவ்வொரு சேரியிலும், ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லுங்கள். இதுவும் விஞ்ஞானம்தான். ஆனால் பாடப் புத்தகத்தில் அந்த வாயுவின் வாய்பாடு மட்டும் இருக்கிறது, அதில் செத்தவர்கள் இல்லை.

இரண்டாவது பேச்சு: "மிஷினுக்கு ஏதுங்க சாதி?"

உண்மைதான், இரும்புக்குச் சாதி கிடையாது. பேப்பர் கப்புக்கும் கிடையாது. இரட்டைக் குவளை ஒழிந்ததற்கு அந்தக் கப்பைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். சில ஊர்க் கடைகளில் போய் நின்று பார்த்தால் தெரியும். ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரருக்குத் 'தூக்கிப் போடும்' கப். முன்பு நாமே கழுவி வைக்க வேண்டிய சிரட்டை இருந்தது. இப்போது கழுவ வேண்டியதுமில்லை, நாம் வாய்வைத்ததை அவர் தொட வேண்டியதுமில்லை. கேட்டால் "சுகாதாரம் சார்" என்பார். தீண்டாமைக்கு இதைவிட நாகரிகமான பேர் கிடைக்குமா?

வண்டிக்கும் சாதி கிடையாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. 'இந்தச் சாதியில் பிறந்தவன் எப்படிடா புல்லட் ஓட்டலாம்' என்று கேட்டு வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வண்டிக்குச் சாதி இல்லை என்று நாம் நினைக்கிறோம். அதை ஓட்டும் கைக்கு இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

குடிநீர்த் தொட்டியும் ஒரு தொழில்நுட்பம்தான். பொதுக்கிணற்றுச் சண்டைக்கே முடிவுகட்டும், குழாயில் வரும் தண்ணீரில் தீட்டு எங்கே என்று சொல்லித்தான் மேல்நிலைத் தொட்டிகள் வந்தன. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் தொட்டித் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டது. 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, தீட்டு கழிக்கிறோம் என்று சாணமும் கோமியமும் கலந்து குளத்தில் ஊற்றினார்கள். குளம் போய்த் தொட்டி வந்தது, மண்குடம் போய்க் குழாய் வந்தது, வன்மம் மட்டும் அப்படியே நின்றது. அடுத்து என்ன நடந்தது? மரபணுச் சோதனை என்ற மிகப் புதிய விஞ்ஞானம் ஊருக்குள் வந்தது. பாதிக்கப்பட்டவர்களிடமே இரத்தம் கொடு என்று கேட்டார்கள். கடைசியில் 2025 சனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டார்கள். மக்கள் அதை ஏற்க மறுத்து, சி.பி.ஐ. விசாரணை கேட்டுப் போராடினார்கள். மரபணுச் சோதனை பொய் சொல்லாது என்பார்கள். சோதனைக்குழாய் பொய் சொல்லாதுதான். ஆனால் யாரிடம் இரத்தம் எடுப்பது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று முடிவு செய்வது சோதனைக்குழாய் அல்லவே.

மூன்றாவது பேச்சு: "எல்லாம் நம்ம முன்னோர் காலத்துலயே இருந்துச்சுங்க."

இது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கேட்பதற்கு இனிக்கிறது. புட்பக விமானம் பறந்தது, யானைத்தலை ஒட்டியது அறுவை சிகிச்சை என்று மேடையில் பேசுகிறார்கள். 2015 சனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே பழங்கால விமானம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்கள். பறக்காத விமானத்துக்கு மேடை போடுகிறவர்கள் உண்மையில் இருந்த அறிவைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏன் என்றால் அந்த அறிவு அவர்கள் கையில் இல்லை. நம் கையில் இருந்தது.

இதோ நம் கண்ணெதிரே தென்னேரி. திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். வெட்டியவன் பேர் மன்னன் பேராகவே நிலைத்துவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஏரி உடையாமல் நின்றது மன்னன் பேரால் அல்ல. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாழிகை என்று பார்த்துப் பாய்ச்சிய கம்புகட்டிகளால். செங்கல்பட்டுச் சீமை ஏரிகளில் அந்த வேலை பெரும்பாலும் நம் மக்களுடையது. இரவில் கலங்கல் வழியும் சத்தத்தை வைத்தே நீர்மட்டம் சொல்வார்கள். அது நீரியல் இல்லையா? ஆனால் தான் திறந்துவிட்ட தண்ணீர் பாயும் நிலத்தில் அவனுக்கு ஒரு காணி கிடையாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத பறையர் நிலையை அரசுக்குச் சொன்னது. அதைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்களைத் துப்பாக்கிக்குக் கொடுத்தோம்.

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரைப் பிரித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டால் பட்டையில் உள்ள துவர்ப்பு தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். பிறகு அது அழுகாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இது வேதியியல். ஆய்வுக்கூடத்தில் செய்தால் பட்டம் கொடுப்பார்கள், சேரியில் செய்தால் 'நாத்தம்' என்பார்கள். உழைக்கும் சாதிகளின் இந்த அறிவைத்தான் காஞ்சா அய்லய்யா தொடர்ந்து எழுதி வருகிறார். நூறாண்டுக்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக இருந்துகொண்டே 1907இல் அச்சு எந்திரத்தைக் கைக்கொண்டு 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அறிவியலுக்கு நாம் புதியவர்கள் இல்லை. அறிவியலின் பட்டியலிலிருந்து நம் பேர் அடிக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக, பழைய தொழில்களுக்கே திரும்பிப் போவோம் என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொல்கிறவர்கள் வேறு பேர். இயற்கை, கிராமம், கைத்தொழில் என்று உருகுகிற நண்பர்கள் அந்தக் கிராமத்தின் சாக்கடையை யார் அள்ளினார்கள் என்று ஒருநாள் யோசிக்க வேண்டும். காந்தி 1909இல் எழுதிய இந்து சுயராச்சியத்தில் எந்திரத்தைப் பெரும் பாவமாகப் பார்த்தார். அம்பேத்கர் 1945இல் அதற்குப் பதில் சொன்னார். குற்றம் எந்திரத்தில் இல்லை, எந்திரத்தின் பலனை ஒரு சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைந்த சமூகத்தில் இருக்கிறது, மாற்ற வேண்டியது சமூக அமைப்பை என்பது அவர் நிலை. எந்திரம் இருந்தால்தான் உழைப்பவனுக்கு ஓய்வு, ஓய்வு இருந்தால்தான் படிப்பு, பண்பாடு எல்லாம் என்றார். வெறும் பேச்சல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும், நாட்டின் நீர்வழி, மின்சாரக் கொள்கைக்கும் அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். காந்தி எந்திரம் வேண்டாம் என்றார், டீக்கடைக்காரர் எந்திரம் வந்தாலே போதும் என்கிறார். இரண்டு பேரும் யார் கையில் எந்திரம் என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அண்ணல் கேட்டார்.

அப்படியானால் எந்திரத்தை நம் பக்கம் திருப்புவது எது? மறுப்பு. 'செய்ய மாட்டேன்' என்ற ஒரு சொல். 2016 சூலையில் குசராத் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதைக் கண்டித்துச் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டுவிட்டு, 'உங்க மாதாவை நீங்களே பாருங்க' என்று திரும்பி வந்தார்கள் மக்கள். அதுவரை அந்த மாட்டை யார் தூக்குகிறார்கள் என்று யோசிக்காத அரசாங்கம் அன்றைக்கு யோசித்தது.

நம் பக்கத்திலேயே, சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். உலகத்தின் மிக நவீனமான எந்திரங்கள் உள்ள ஆலை அது. அந்த எந்திரம் எதுவும் அவர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையைக் கொண்டுவந்து தரவில்லை. வெயிலில் உட்கார்ந்து கேட்டார்கள், 2025 சனவரியில் சங்கம் பதிவானது.

இதைத்தான் டீக்கடையில் சொல்ல வேண்டும். 'சயின்ஸ் வளர்ந்தா சாதி போயிடும்' என்கிறவரிடம் சண்டை போட வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்க வீட்டு செப்டிக் டேங்க் போன தடவை ரொம்பினப்ப யாரு எறங்குனாங்க?" அவர் பதில் சொல்லட்டும். உரையாடல் அங்கேயிருந்து தொடங்கட்டும்.

செயல்வீரர்களுக்குச் சில வேலைகள். உங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் கழிவு லாரி எத்தனை, வாடகை என்ன, கடைசியாக மனிதன் இறங்கியது எங்கே, எப்போது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆளை இறக்குகிற இடத்தைப் பார்த்தால் கையில் உள்ள போனில் படம் எடுங்கள், 2013 சட்டத்தின் பேரைச் சொல்லிப் புகார் எழுதுங்கள். ஒரு முறை வழக்குப் பதிவானால் அந்தத் தெருவில் லாரிக்குச் சந்து தானாக அகலமாகும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் என்பது சலுகை அல்ல, தீர்ப்பு. வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன், யாரும் இறக்காதபடி பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிவியல் படியுங்கள். "நமக்கு கணக்கு வராது, ஏதாவது ஆர்ட்ஸ் எடுத்துக்க" என்று வாத்தியார் சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு கருத்துதான், நம்மில் பலரை வாசலிலேயே நிறுத்தியது. பொறியியல் படித்தவர்கள் ஒரகடத்து ரோபோவைப் பழுதுபார்ப்பதோடு நிறுத்தாமல், நம் ஊர்ச் சந்துக்குள் நுழைகிற, அடிச்சேற்றை அள்ளுகிற, ஊராட்சி வாங்கக்கூடிய விலையில் ஒரு எந்திரத்தைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். அதை இயக்கும் வேலையும் அதன் உரிமையும் இதுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்கே கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் லாரி முதலாளி வேறு சாதியாக இருப்பார், குழாயைப் பிடிக்கிறவன் மட்டும் நம் ஆளாக இருப்பான். இப்போது பல ஊர்களில் அப்படித்தான் இருக்கிறது.

காலம் மாறும் என்று காத்திருந்தவர்களுக்கு எந்தக் காலமும் மாறியதில்லை. 1853இல் இரயில் வந்தது, 1902இல் மின்சாரம் வந்தது, 2023இல் நிலவுக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் 'இதோ போயிடும்' என்றார்கள். போகவில்லை. அடுத்து ஏதோ ஒரு எந்திரம் வரும், அப்போதும் இதையே சொல்வார்கள். எந்திரம் வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது வந்து நம்மை விடுவிக்கும்வரை குழிக்கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. இறங்க மறுப்போம். மறுத்தால்தான் எந்திரம் வரும்.